இளமைக்காலச் சூழ்நிலையும் நரம்பு நோயும்

மனிதரைப் பீடிக்கும் நோய்களுட் சில, அவற்றின் காரணம் உடலில் நுழைந்த சில நாட்களுக்குள்ளேயே வெளிப்பட்டுவிடுகின்றன. தட்டம்மைக்கு இரண்டு வாரம் போதும். வாந்திபேதிக்கு இரண்டொரு நாளே போதும். வேறு சில நோய்களோ பல ஆண்டுகள் மறைந்திருந்து, காரணத்திற்கும் விளைவிற்கும் தொடர்பு உண்டு என்பதே எவருக்கும் தோன்றாத அளவிற்குக் காலங்கடந்து தலைகாட்டுகின்றன. மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் ‘மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்’ என்னும் நோய் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இது பெரும்பாலும் 20 வயதிற்கும் 40 வயதிற்கும் இடையே தோன்றுகிறது. ஆயினும் இதன் வித்து குழந்தைப் பருவத்திலும், வாலிபத்தின் தொடக்கத்திலும், ஒருகால் தாயின் கருவிலுமே ஊன்றப்படுகிறது என்று கருதுவதற்கு வலிய சான்றுகள் கடந்த அறுபது ஆண்டுகளில் சேர்ந்துள்ளன.

2020-ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட கணக்கின்படி உலகில் சுமார் 28 லட்சம் பேர் இந்நோயுடன் வாழ்ந்து வந்தனர். ஆண்களைக் காட்டிலும் பெண்களுக்கு இது குறைந்தது இரு மடங்கு அதிகமாக வருகிறது. கல்வியை முடித்து, வேலையில் அமர்ந்து, குடும்பத்தைத் தொடங்கும் பருவத்தில் இது தாக்குவதால், நோயாளிக்கும் அவரைச் சார்ந்தோருக்கும் நேரும் இழப்பு பெரிது. 1993-ஆம் ஆண்டு முதல் கிடைத்துவரும் மருந்துகள் நோயின் தாக்குதல்களைக் குறைக்கின்றன; எனினும் ஒரு முறை அழிந்த நரம்பை முற்றிலும் மீட்கும் மருந்து எதுவும் இல்லை. ஆதலின் நோய் எப்பொழுது, எவ்வாறு தொடங்குகிறது என்னும் கேள்வி வெறும் அறிவு வேட்கையால் எழுந்ததன்று. தொடக்கம் தெரிந்தால் தடுப்பதற்கும் வழி பிறக்கும்.

நோயின் இயல்பு

மின்சாரக் கம்பியின்மேல் ரப்பர் உறை சுற்றப்பட்டிருப்பதைப் போல, மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பு இழைகளின்மேல் ‘மயலின்’ என்னும் கொழுப்புப் பொருளாலான உறை சுற்றப்பட்டுள்ளது. இவ்வுறை இருப்பதனாலேயே செய்திகள் நரம்பின் வழியே விரைந்து செல்கின்றன. கிருமிகளை எதிர்ப்பதற்காக உடலில் அமைந்த தற்காப்பு அணுக்கள், இந்நோயில் தம் உடலின் மயலின் உறையையே பகைப்பொருளாகக் கருதித் தாக்குகின்றன. உறை சிதைந்த இடங்களில் செய்தி தடைப்படுகிறது. நாளடைவில் அவ்விடங்கள் இறுகித் தழும்பாகின்றன. ‘பல இடங்களில் இறுகுதல்’ என்பதே இந்நோய்ப் பெயரின் பொருளாகும். தமிழில் இதனைத் ‘தண்டுவட மரப்பு நோய்’ என வழங்குவாரும் உளர்.

தழும்பு விழும் இடத்தைப் பொறுத்து அறிகுறிகள் வேறுபடுகின்றன. கண் நரம்பு தாக்கப்பட்டால் ஒரு கண்ணின் பார்வை சில நாட்களில் மங்கும். தண்டுவடம் தாக்கப்பட்டால் கால்கள் மரத்துப்போகும், நடை தளரும், சிறுநீரை அடக்க இயலாது. இவை சில வாரங்களில் தணிந்து, மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மீண்டும் தோன்றுவது பலரிடம் காணப்படும் போக்கு. பாரிஸ் நகரத்து ஸல்பேத்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய ழான் மார்ட்டின் ஷார்க்கோ என்னும் பிரெஞ்சு மருத்துவ மேதை, 1868-ஆம் ஆண்டில் இவ்வறிகுறிகளை இறந்தவர்களின் மூளையில் கண்ட தழும்புகளோடு பொருத்திக் காட்டி, இதனைத் தனி நோயாக நிறுவினார். அதன் காரணத்தை ஆராய்வதற்குரிய கருவிகள் அவர் காலத்தில் இல்லை.

பரம்பரையா? சூழ்நிலையா?

ஒரு நோய் பரம்பரையால் வருவதா, சூழ்நிலையால் வருவதா என்று அறிய இரட்டைக் குழந்தைகள் பெரிதும் உதவுகின்றனர். ஒரே கருவிலிருந்து பிரிந்த, உருவொத்த இரட்டையர்களுக்குப் பரம்பரைக் கூறுகள் யாவும் ஒன்றே. நோய் முழுவதும் பரம்பரையால் வருவதாயின், அவர்களுள் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் தவறாமல் வரவேண்டும். கனடாவில் பல ஆண்டுகள் நடைபெற்ற ஆராய்ச்சியில், அவ்வாறு இருவருக்கும் நோய் வந்தது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இரட்டையரிடத்து மட்டுமே. உருவொவ்வாத இரட்டையரிடத்து இந்த அளவு நூற்றுக்கு 5 ஆகும். பரம்பரைக்குப் பங்குண்டு என்பதையும், அது மட்டுமே போதாது என்பதையும் இவ்விரு எண்களும் ஒருங்கே காட்டுகின்றன.

பரம்பரையின் பங்கு இன்று விரிவாக ஆராயப்பட்டுள்ளது. தற்காப்பு அணுக்களை நெறிப்படுத்தும் எச்.எல்.ஏ. என்னும் ஜீன் தொகுதியில் ஒரு குறிப்பிட்ட வகையைப் பெற்றிருப்பவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு சுமார் மும்மடங்காகிறது. சிறு சிறு அளவில் பங்கு வகிக்கும் வேறு இடங்கள் இருநூறுக்கு மேல் ஜீன்களின் வரிசையில் கண்டறியப்பட்டுள்ளன. இவற்றைப் பெற்றவர்களுள்ளும் பெரும்பாலோர் நோயின்றியே வாழ்கின்றனர்.

எஞ்சிய பங்கு சூழ்நிலைக்குரியது. ஆயின் எந்தச் சூழ்நிலை? வீட்டுக்குள் இருப்பதா, ஊர் முழுவதற்கும் பொதுவானதா? இதற்கும் கனடாவிலிருந்தே ஒரு விடை கிடைத்தது. நோயாளிகளின் குடும்பத்தில் தத்தெடுக்கப்பட்டு, அவர்களோடு ஒரே வீட்டில் உண்டு வளர்ந்தவர்களை ஆராய்ந்து, 1995-ஆம் ஆண்டில் முடிவு வெளியிடப்பட்டது. இரத்த உறவில்லாத இவர்களுக்கு, பொதுமக்களுக்கு உள்ள வாய்ப்பைவிட அதிகமான வாய்ப்பு காணப்படவில்லை. நோயாளியுடன் வாழ்வதால் நோய் தொற்றுவதில்லை என்பது இதனால் தெளிவாயிற்று. ஒரு சமுதாயம் முழுவதையும் சூழ்ந்திருக்கும் ஏதோ ஒன்றே காரணமாதல் வேண்டும் என்னும் எண்ணமும் வலுப்பெற்றது.

குடியேறியவர்கள் அளித்த சான்று

அந்த ஏதோ ஒன்று இடத்தைப் பொறுத்தது என்பது முன்னரே தெரிந்திருந்தது. உலகப் படத்தில் இந்நோய் சீராகப் பரவியிருக்கவில்லை. வட ஐரோப்பா, கனடா, அமெரிக்காவின் வட மாநிலங்கள், ஆஸ்திரேலியாவின் தென்கோடி, நியூஸிலாந்து ஆகிய குளிர்ப் பகுதிகளில் இது மிகுதி. பூமத்திய ரேகையை நெருங்க நெருங்கக் குறைவு. ஒரே நாடான ஆஸ்திரேலியாவிலும், வெப்பமான குவீன்ஸ்லாந்தைக் காட்டிலும் தெற்கே உள்ள டாஸ்மேனியாத் தீவில் இது பல மடங்கு மிகுந்துள்ளது.

நோய் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்திற்குக் குடிபெயர்ந்தவர்கள் எந்த இடத்தின் தலைவிதியைப் பெறுகின்றனர்? தென்னாப்பிரிக்காவில் மருத்துவராக இருந்த டாக்டர் ஜெஃப்ரி டீன் இதனை ஆராய்ந்தார். ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய வெள்ளையரிடம் நோய் மிகுதியாகவும், அந்நாட்டிலேயே பிறந்த வெள்ளையரிடம் மிகக் குறைவாகவும் இருந்ததை அவர் 1967-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். பின்னர் அவரும், அமெரிக்க நரம்பியல் நிபுணர் ஜான் கர்ட்ஸ்கேயும் சேர்ந்து, குடியேறியபோது ஒவ்வொருவருக்கும் இருந்த வயதைக் கணக்கிட்டனர். சுமார் 15 வயதிற்கு முன் வந்தவர்கள் புதிய நாட்டின் குறைந்த அளவையும், அதன் பின்னர் வந்தவர்கள் பழைய நாட்டின் மிகுந்த அளவையும் பெற்றிருந்தது 1971-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. வயது வந்த பின் கப்பலேறியவர், நோய்க்கான வாய்ப்பையும் தம்முடன் கொண்டுவந்தார் என்பதே இதன் பொருள்.

எதிர்த் திசையில் சென்றவர்களைப் பற்றிய சான்றும் உண்டு. அதில் இந்தியர்களுக்கும் இடமுண்டு. இந்தியத் துணைக்கண்டத்திலிருந்தும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் பிரிட்டனில் குடியேறிய பெற்றோரிடம் இந்நோய் அரிதாகவே இருந்தது. ஆனால் பிரிட்டனிலேயே பிறந்த அவர்களுடைய மக்களிடம், அந்நாட்டுப் பொதுமக்களிடம் காணப்படும் அளவை ஒத்த அளவில் நோய் தோன்றியதை 1990-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி காட்டியது. ஒரே தலைமுறைக்குள் ஜீன்கள் மாறிவிடுவதில்லை. மாறியது பிறந்து வளர்ந்த இடம் ஒன்றே. மார்ட்டினீக், குவாதலூப் ஆகிய கரீபியத் தீவுகளில் பிறந்து பிரான்ஸுக்குச் சென்று திரும்பியவர்களிடமும் இத்தகைய உயர்வு காணப்பட்டது. 15 வயதிற்கு முன் பிரான்ஸுக்குச் சென்றவர்களிடத்து அது மேலும் மிகுந்திருந்தது.

எனினும் 15 வயது என்பது ஒரே நாளில் அடைபடும் கதவன்று. பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் ஆஸ்திரேலியாவிற்குச் சென்றவர்களைப் பற்றி 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியில், 15 வயதிற்கு முன் வந்தவர்க்கும் பின் வந்தவர்க்கும் வேறுபாடு காணப்படவில்லை. வாய்ப்பை மாற்றும் காலம் வாலிபத்தின் முற்பகுதி வரையிலும் நீடிக்கலாம் என இதனால் உணரப்பட்டது. இளமைக்காலம் முக்கியமானது என்பது உறுதி. அதன் எல்லைதான் கூர்மையான கோடாக இல்லை.

சூரிய ஒளியின் பங்கு

குளிர்நாட்டிற்கும் வெப்பநாட்டிற்கும் உள்ள வேறுபாடுகளுள் முதலாவது வெயில். சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் தோலின்மேல் படும்போது உடலில் வைட்டமின் டி உண்டாகிறது. வட ஐரோப்பாவில் குளிர்காலத்தின் பல மாதங்களில் வெயில் மிகச் சாய்ந்து விழுவதால் இவ்வைட்டமின் போதிய அளவு உண்டாவதில்லை. எலும்புக்கு உரியதாக மட்டும் முன்னர்க் கருதப்பட்ட இப்பொருள், தற்காப்பு அணுக்களின் சீற்றத்தை அடக்கும் ஆற்றலும் உடையது என்பது பின்னர்த் தெரியவந்தது. நார்வே நாட்டில், உள்நாட்டு உழவர்களைவிடக் கடற்கரை மீனவரிடையே இந்நோய் குறைவு என்று 1952-ஆம் ஆண்டிலேயே ஓர் ஆராய்ச்சி குறித்திருந்தது. கொழுப்பு மிகுந்த கடல்மீனில் வைட்டமின் டி நிறைந்துள்ளது என்பதை நினைவிற் கொண்டால், அக்குறிப்பின் சிறப்பு விளங்கும்.

நோய் வந்து பல்லாண்டுகள் கழித்து, ஒருவர் சிறுவயதில் எவ்வளவு வெயிலில் விளையாடினார் என்று எவ்வாறு அறிவது? டாஸ்மேனியாவில் ஆராய்ச்சியாளர்கள் இதற்கு இரு வழிகளைக் கையாண்டனர். முதலாவது, 136 நோயாளிகளையும் நோயற்ற 272 பேரையும் வாழ்க்கையின் ஒவ்வொரு பருவத்தைப் பற்றியும் விரிவாக வினவினர். இரண்டாவது, நினைவு பிழைபடக்கூடும் என்பதால், ஒவ்வொருவரின் புறங்கையிலும் சிலிகான் ரப்பரைப் பூசி அச்செடுத்தனர். வெயில் பட்ட தோலின் நுண்ணிய கோடுகள் ஆண்டுக்கணக்கில் சிதைந்துவிடுவதால், அந்த அச்சு ஒருவர் வாழ்நாளில் பெற்ற வெயிலுக்குச் சாட்சியாகிறது. 6 வயது முதல் 15 வயது வரை, கோடை விடுமுறை நாட்களில் நாளொன்றுக்கு இரண்டு மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ வெயிலில் இருந்தவர்களுக்கு நோய் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. தோலின் அச்சும் அதே திசையிற் சாட்சி கூறியது. இம்முடிவுகள் 2003-ஆம் ஆண்டில் வெளியாயின.

இதனினும் உறுதியான சான்று அமெரிக்க இராணுவத்திலிருந்து வந்தது. படைவீரர்களிடம் சோதனைக்காக எடுக்கப்பட்ட இரத்தத்தின் எஞ்சிய சீரம் அங்கே உறையவைத்துப் பாதுகாக்கப்பட்டு வருகிறது. 70 லட்சத்திற்கு மேற்பட்டோருள் பின்னாளில் நோயுற்ற 257 பேரின் பழைய சீரத்தை எடுத்து ஆராய்ந்ததில், வெள்ளையர் இனத்தவருள் வைட்டமின் டி மிகுந்தவர்களுக்கு நோய் வாய்ப்புக் குறைவாக இருந்தது 2006-ஆம் ஆண்டில் தெரியவந்தது. 20 வயதிற்கு முன் எடுக்கப்பட்ட இரத்தத்தில் இத்தொடர்பு மிகத் தெளிவாக இருந்தது. நோய் தொடங்குவதற்கு முன்னரே எடுக்கப்பட்ட இரத்தமாதலின், நோயுற்றவர் வெளியே செல்லாததால்தான் வைட்டமின் குறைந்தது என்று வாதிக்க இங்கு இடமில்லை.

பிறந்த மாதமும் தாயின் கருவும்

தேடல் பிறப்புக்கும் முந்திய காலத்திற்குச் சென்றது. கனடா, பிரிட்டன், டென்மார்க், ஸ்வீடன் ஆகிய நாடுகளின் 42,045 நோயாளிகளின் பிறந்த மாதங்களைத் தொகுத்து ஆராய்ந்ததில், மே மாதத்தில் பிறந்தோர் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவும், நவம்பரில் பிறந்தோர் குறைவாகவும் இருந்தது 2005-ஆம் ஆண்டில் அறியப்பட்டது. மே மாதத்தில் பிறக்கும் குழந்தையின் தாய் கருவுற்றிருந்த காலத்தின் பெரும்பகுதி வெயிலற்ற குளிர்காலம். பருவங்கள் தலைகீழாக அமைந்த ஆஸ்திரேலியாவில் இக்கணக்கும் தலைகீழாகவே அமைந்தது. ஆயினும் எல்லா மாதங்களிலும் பிறப்புகள் ஒரே அளவில் நிகழ்வதில்லை. அவ்வேறுபாட்டை முழுவதும் கழித்துப் பார்த்தால் இந்த ஏற்றத்தாழ்வு மறைந்துவிடக்கூடும் என்று பிறர் எடுத்துக்காட்டினர். அவ்வேறுபாடு கண்ட அளவும் சிறிதே.

மாதத்தை விட்டு இரத்தத்தையே நேரில் அளந்த ஆராய்ச்சிகள் பின்னர் வந்தன. ஃபின்லாந்தில் 1983-ஆம் ஆண்டு முதல் கருவுற்ற பெண்களின் இரத்தம் சேமித்து வைக்கப்பட்டுள்ளது. கருவுற்ற தொடக்கத்தில் வைட்டமின் டி மிகக் குறைந்திருந்த தாய்மாரின் மக்களுக்கு, பின்னாளில் நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது 2016-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. டென்மார்க்கில் பிறந்த சில நாட்களில் குழந்தையின் குதிகாலிலிருந்து தாளில் எடுத்து உலர்த்திய இரத்தத் துளிகள் இருந்தன. அவற்றை ஆராய்ந்த ஆராய்ச்சியும் 2017-ஆம் ஆண்டில் இதே முடிவுக்கு வந்தது. ஸ்வீடனில் முன்னதாக நடந்த இதையொத்த ஆராய்ச்சியிலோ இத்தொடர்பு காணப்படவில்லை. ஆதலின் கருப்பருவத்தின் பங்கு இருக்கக்கூடியது என்ற அளவிலேயே நிற்கிறது. மகனுக்கோ மகளுக்கோ நோய் வந்ததற்குத் தாய் தன்னையே நொந்துகொள்ள இதில் எவ்வித இடமும் இல்லை.

ஒரு வைரஸின் கதை

வெயில் ஒன்றினால் எல்லாவற்றையும் விளக்கிவிட இயலாது. குழந்தைப் பருவத்துத் தொற்றுநோய்களுக்கும் இதிற் பங்கிருக்கும் என்ற ஐயம் நெடுநாளாக இருந்து வந்தது. 1964-ஆம் ஆண்டில் லண்டனில் ஆண்டனி எப்ஸ்டீன், இவான் பார், பெர்ட் அச்சாங் ஆகிய மூவர், ஆப்பிரிக்கக் குழந்தைகளிடம் காணப்பட்ட ஒரு வகைப் புற்றுக்கட்டியில் ஒரு புதிய வைரஸைக் கண்டனர். எப்ஸ்டீன்-பார் வைரஸ் எனப்படும் இது எச்சிலின் மூலம் பரவுவது. உலகில் வயது வந்தோருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இதனைப் பெற்றுள்ளனர்; ஒரு முறை நுழைந்தால் வாழ்நாள் முழுவதும் உடலில் உறங்கிக் கிடக்கும்.

இது நுழையும் வயதே இங்கு கவனிக்கத்தக்கது. நெருங்கி வாழும் ஏழை நாடுகளில் குழந்தைகள் முதற் சில ஆண்டுகளிலேயே இதனைப் பெற்று, நோய் ஏதும் தெரியாமலே எதிர்ப்புச் சக்தியை அடைகின்றனர். செல்வ நாடுகளில் பலருக்கு இத்தொற்று வாலிபப் பருவம் வரை தள்ளிப்போகிறது. அப்பொழுது பலருக்குக் காய்ச்சலும், தொண்டைப் புண்ணும், கழுத்தில் நெறிகட்டுதலும் கூடிய நோயாக அது வெளிப்படுகிறது. அந்நோய் வந்தவர்களுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வரும் வாய்ப்பு சுமார் இரு மடங்கு. டாஸ்மேனியாவில் தம்பி தங்கையரான கைக்குழந்தைகளோடு முதல் ஆறு ஆண்டுகளில் நெடுநாள் கூடி வளர்ந்தவர்களுக்கு இந்த நரம்பு நோய் குறைவாக இருந்தது என்று 2005-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியும் இதனோடு பொருந்துகிறது.

இவ்வைரஸ் நோயின் காரணமே என்பதற்கு மிக வலிய சான்று 2022-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மேற்கூறிய அமெரிக்க இராணுவச் சீரமே மீண்டும் உதவியது. இருபது ஆண்டுகளில் பணியாற்றிய ஒரு கோடிக்கு மேற்பட்ட வீரர்களுள் நோயுற்றோரில் 801 பேரின் இரத்தம் வரிசையாகக் கிடைத்தது. அவர்களுள் 35 பேர் பணியிற் சேர்ந்தபோது வைரஸ் தொற்றாதவர்கள். அந்த 35 பேருள் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும், நோய் தோன்றுவதற்கு முன் அத்தொற்றைப் பெற்றிருந்தனர். தொற்றிய பின் நோய் வாய்ப்பு 32 மடங்காக உயர்ந்தது. எச்சிலின் மூலமே பரவும் மற்றொரு வைரஸான ஸைட்டோமெகலோ வைரஸ் தொற்றியவரிடம் இத்தகைய உயர்வு ஏதும் இல்லை. நரம்பு சிதைவதைக் காட்டும் ஒரு புரதப் பொருளும், எப்ஸ்டீன்-பார் தொற்றுக்குப் பின்னரே இரத்தத்தில் ஏறத் தொடங்கியது.

தொற்று எவ்வாறு நரம்புறையின் அழிவாக மாறுகிறது என்பதற்கும் ஒரு விளக்கம் அதே ஆண்டில் கிடைத்தது. இவ்வைரஸின் ஒரு புரதமும், மூளையின் அணுக்களில் உள்ள ‘க்ளையல்கேம்’ என்னும் புரதமும் ஒரு சிறு பகுதியில் உருவொத்தவை என்று அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் காட்டினர். வைரஸை அழிக்கத் தோன்றிய எதிர்ப்பொருள், உருவ ஒற்றுமையால் ஏமாந்து மூளையையும் தாக்குகிறது. நோயாளிகள் சிலரிடம் இவ்வகை எதிர்ப்பொருள் காணப்பட்டது.

வைரஸைப் பெற்ற கோடிக்கணக்கானோருள் மிகச் சிலரே நோயுறுகின்றனர். தொற்று இன்றி இந்நோய் வருவது அரிது. ஆனால் தொற்று ஒன்றே போதாது. பரம்பரையும் பிற சூழ்நிலைகளும் அதனோடு கூட வேண்டும்.

உடற்பருமனும் புகையும்

அப்பிற சூழ்நிலைகளுள் இரண்டு, மனித முயற்சியால் மாற்றத்தக்கவை. முதலாவது இளமையில் உடல் பருத்தல். அமெரிக்காவில் சுமார் 2 லட்சத்து 38 ஆயிரம் செவிலியரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், 18 வயதில் மிகப் பருமனாக இருந்தவர்களுக்கு நோய் வாய்ப்பு இரு மடங்கிற்கும் மேல் என்று 2009-ஆம் ஆண்டில் அறியப்பட்டது. முதிர்ந்த பின் பருத்தவர்களிடம் இத்தொடர்பு இல்லை. டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரப் பள்ளிகளில் மூன்று லட்சத்திற்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் எடுத்த உயரமும் எடையும் ஏடுகளில் பதியப்பட்டிருந்தன. அவற்றை ஆராய்ந்தபோது, 7 வயது முதல் 13 வயது வரை மிகுந்த எடையுடன் இருந்த சிறுமியருக்குப் பின்னாளில் நோய் வாய்ப்பு உயர்ந்திருந்தது 2013-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பள்ளி ஆசிரியரும் செவிலியரும் கடமையாகக் குறித்து வைத்த எண்கள், அரை நூற்றாண்டு கழித்து இவ்வாறு பயன் தந்தன. உடற்கொழுப்பு உடலில் அழற்சியைத் தூண்டுவதும், வைட்டமின் டியைத் தன்னுள் அடக்கி இரத்தத்தில் அதனைக் குறைப்பதும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

இரண்டாவது புகையிலைப் புகை. புகைப்போருக்கு நோய் வாய்ப்பு சுமார் ஒன்றரை மடங்கு. புகைக்காத குழந்தைகளும் இதற்கு விலக்கல்லர். பெற்றோர் வீட்டினுள் புகைக்கும் குழந்தைகளுக்கு நோய் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாவதாகப் பிரான்ஸில் 2007-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. பரம்பரையும் சூழ்நிலையும் ஒன்றையொன்று பெருக்கும் விதத்தை ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சி ஒன்று தெளிவாக்கியது. நோய்க்கு இடந்தரும் எச்.எல்.ஏ. அமைப்பை உடையவர் புகைக்காதவராயின் அவருக்கு வாய்ப்பு சுமார் 5 மடங்கு. அவரே புகைப்பவராயின் சுமார் 13 மடங்கு. மாற்றவியலாத பரம்பரையின் தீமையையும், மாற்றவியலும் பழக்கத்தால் பெரிதும் குறைக்கலாம் என்பதே இக்கணக்கின் பயன்.

இந்தியாவின் நிலை

இந்தியாவில் இந்நோய் மிக அரிது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஒரு லட்சத்துக்கு ஒருவர் என்னும் மதிப்பும் வழக்கில் இருந்தது. பம்பாயிலும் பூனாவிலும் வாழும் பார்ஸி சமூகத்தாரிடம் மட்டும் இது ஓரளவு மிகுந்திருப்பதை 1980-களின் பிற்பகுதியிலும் 1990-ஆம் ஆண்டிலும் வெளியான ஆராய்ச்சிகள் காட்டின. மங்களூர் நகரில் நடந்து 2014-ஆம் ஆண்டில் வெளிவந்த கணிப்பில், லட்சத்துக்குச் சுமார் 8 பேர் என்ற எண் கிடைத்தது. மூளையின் உட்புறத்தைப் படமாகக் காட்டும் எம்.ஆர்.ஐ. கருவியும், நரம்பியல் நிபுணர்களும் பெருகியதே இவ்வுயர்வுக்குப் பெருங்காரணம். கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் மற்றொரு நோய் முன்னர் இதனோடு சேர்த்து எண்ணப்பட்டது. அதற்குரிய எதிர்ப்பொருள் 2004-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட பின் இரண்டும் பிரித்தறியப்படுகின்றன.

இந்நாட்டின் பெரும்பாலான குழந்தைகள் எப்ஸ்டீன்-பார் வைரஸை மிக இளமையிலேயே பெற்றுவிடுவதும், வெயிலின் மிகுதியும் இங்கு நோய் குறைந்திருப்பதற்குக் காரணமாகலாம். ஆயின் இந்நிலை என்றும் மாறாதது என்று எண்ணுதல் தவறு. பிரிட்டனில் பிறந்த இந்தியக் குழந்தைகளின் சான்று, இந்தியருடைய பரம்பரை இந்நோய்க்கு அரணாகாது என்பதை உணர்த்துகிறது. வெயில் நிறைந்த நாடாயினும், கருநிறத் தோலில் வைட்டமின் டி மெதுவாகவே உண்டாகிறது. நகரங்களில் மக்கள் பகற்பொழுதை நிழலிலேயே கழிப்பதாலும் அதன் குறைபாடு இந்தியாவில் பரவலாக உள்ளது. நகரப் பிள்ளைகளிடம் உடற்பருமனும் மிகுந்து வருகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்நோயும் ஒரு குறைபாடாகச் சேர்க்கப்பட்டிருப்பது, இதனால் துன்புறுவோர் தொகை புறக்கணிக்கத்தக்கதன்று என்பதற்கு அடையாளம்.

தடுக்க இயலுமா?

எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கு எதிரான தடுப்பு மருந்துகள் மனிதரிடம் சோதிக்கப்பட்டு வருகின்றன. அவை வெற்றி பெற்றாலும், குழந்தைக்குப் போட்ட ஊசி முப்பது வயதில் நோயைத் தடுத்ததா என்று அறியப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். வைட்டமின் டியை நோயுற்றவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனைகளின் முடிவுகள் ஒருமுகமாக இல்லை. சிலவற்றில் பயன் தெரிந்தது, பலவற்றில் தெரியவில்லை. இளமையில் காலம் தவறிய ஒன்றைப் பின்னர் ஈடுசெய்வது எளிதன்று என்பதும் இதற்கு ஒரு விளக்கமாகலாம். இவ்வைட்டமினை அளவுக்கு மீறி உண்டால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுந்து சிறுநீரகம் கெடும்; ஆதலின் மருத்துவரின் ஆலோசனையின்றி உட்கொள்ளலாகாது.

இவற்றுக்குக் காத்திராமலே செய்யத்தக்கவை சில உள. பிள்ளைகள் நாள்தோறும் சிறிது நேரமேனும் திறந்த வெளியில் விளையாடுதல், அவர்கள் வயதிற்கேற்ற எடையுடன் வளர்தல், வீட்டினுள் புகை பிடியாமை, கருவுற்ற பெண்கள் சத்துக் குறைவின்றி இருத்தல் ஆகியவை இதயத்திற்கும் எலும்புக்கும் நுரையீரலுக்கும் நன்மை தருபவை என்பது முன்னமே தெரிந்ததுதான். நரம்புக்கும் அவை அரணாகக்கூடும் என்பது இப்பொழுது புதிதாகச் சேர்ந்துள்ளது. தனி மனிதர் ஒருவருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு மிகச் சிறிதாகையால், இதற்காக அஞ்சி வாழ வேண்டுவதில்லை.

இந்திய ஆராய்ச்சியாளருக்கும் மேற்கண்ட வரலாறு ஒரு பணியைச் சுட்டுகிறது. படைவீரரின் சீரம், குழந்தையின் குதிகாலிற் பெற்ற இரத்தத் துளி, பள்ளியின் எடைக்குறிப்பு ஆகியவை சேமித்து வைக்கப்பட்டிராவிடில் இவ்வுண்மைகள் வெளிப்பட்டிரா. அவற்றைச் சேர்த்தவர்கள் இந்நோயை மனத்திற்கொண்டு சேர்க்கவில்லை. இந்நாட்டுக் குழந்தைகளின் பிறப்பும் வளர்ச்சியும் பற்றிய குறிப்புகள் இன்று முறையாகப் பேணப்படுமாயின், இந்நோயைப் பற்றி மட்டுமன்றி, இளமையில் தொடங்கி முதுமையில் வெளிப்படும் பல நோய்களைப் பற்றியும் வருங்காலத்தவர் கேட்கும் கேள்விகளுக்கு அவை விடை கூறும்.